வெள்ளையடித்த கம்பங்கள்

(மாரண்டஹள்ளியை அடுத்த எருக்கன்கொட்டாயில், மின் நுகர்வோர் சங்கத் தலைவி கோகிலவாணியின் வீட்டு முன்பு நடந்த இரங்கல் கூட்டத்தில், சங்கச் செயலாளர் முனாப் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பால் சங்கத் தலைவர், பெரியவர் மாதவராஜ் அவர்களே! பெற்ற மகளை மண்ணில் வைத்துவிட்டு, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் முனியம்மாள் ஆத்தா அவர்களே! கட்டிய மனைவியை இழந்து நிற்கும் தம்பி குரு அவர்களே! தக்காளிப் பறிப்பை அரைநாளில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, விவசாயப் பெருமக்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் குரல் நடுங்குகிறது. துக்கத்தால் என்று நினைப்பீர்கள். துக்கமும் இருக்கிறது. ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் மாரண்டஹள்ளியிலிருந்து பைக்கில் வந்தேன். இந்த ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் வண்டியை ரோட்டின் நடுவிலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓரத்தில் வரப் பயம். பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார், நான் ஒதுங்கவில்லை. ஏன் ஒதுங்கவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

என்னைப் பலருக்குத் தெரியும். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். கரண்ட் ஏறி இறங்கினால் உங்கள் மோட்டார் எரியும், உங்கள் மோட்டார் எரிந்தால் என் வீட்டு அடுப்பு எரியும். அப்படிப்பட்ட என்னைத்தான் நம் தலைவி கோகிலவாணி இந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இழுத்துவந்தார். கடை வாசலில் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"முனாப் அண்ணா, லைனெல்லாம் சரியாயிட்டா உங்க கடையை இழுத்து மூட வேண்டியதுதாங்க. பரவாயில்லீங்களா?"

"மூடிட்டு உன் தோட்டத்துக்குத் தக்காளி பறிக்க வந்துடறேம்மா."

"கூலி கம்மிதாங்க. ஆனா கரண்ட் நல்லா வரும்!"

இப்படிச் சிரித்துக்கொண்டே ஆளை வளைத்துப்போடும் சாமர்த்தியம் வேறு யாருக்கு உண்டு? இரண்டு ஏக்கர் தக்காளியையும் பார்த்துக்கொண்டு, ஊர் மோட்டாருக்கெல்லாம் கவலைப்பட்டவர் வேறு யார்?

மாதவராஜ் ஐயாவுக்கு நினைவிருக்கும். தருமபுரியில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாங்கள் போன நாள். எல்லோரும் மனுவோடு வரிசையில் நிற்க, இந்த அம்மா ஒரு தக்காளிக் கூடையோடு நின்றார். காவலர் தடுத்தார். "உள்ள தக்காளி இல்லீங்க, பாருங்க" என்று துணியை விலக்கிக் காட்டினார். கூடைக்குள் சிமென்ட் கம்பத்தின் அடியிலிருந்து பெயர்ந்த துண்டு, உள்ளே துருப்பிடித்த இரும்புக் கம்பி. அதை அப்படியே அதிகாரியின் மேசைமேல் வைத்தார். "சார், கையில எடுத்தா மாவா உதுருது. இதுதான் எங்க தலைக்குமேல லைனைத் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார். அதிகாரி அங்கேயே கம்பங்களை ஆய்வு செய்ய உத்தரவு போட்டார். ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். அரித்துப்போன கம்பத்துக்கு மட்டும் நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டார்கள். வளையம் உள்ள கம்பத்தை அடுத்த வாரம் மாற்றுவதாக ஏற்பாடு. அவ்வளவுதான் அந்த வளையத்துக்கு அர்த்தம். விழப்போகிற கம்பம், கிட்டே போகாதே. வேறு ஒன்றும் இல்லை, அன்பர்களே, வேறு ஒன்றுமே இல்லை!

அந்த வளையம் எப்படி மீட்டர் ஆனது?

வரப்போகும் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் சங்கத்தின் சார்பில் கோகிலவாணி நிற்பார் என்று அறிவித்தோம். அதற்கு முன்பே ஊரில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கிணற்று மோட்டாருக்குச் சூரியத் தகடு போடலாமா, கூடாதா? இலவச மின்சாரம் நிலைக்குமா, மீட்டர் மாட்டிப் பணம் கேட்பார்களா? டீக்கடையில் இதே பேச்சு. பால் ஊற்ற வந்த இடத்தில் இதே பேச்சு. பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். கோகிலவாணி தன் கருத்தை ஒளிக்கவில்லை. பால் சங்கத் திடலில் நின்று சொன்னார்: "இலவச கரண்ட்ட எவன் நிறுத்த வந்தாலும் மொத ஆளா நான் ரோட்ல படுப்பங்க. அது நம்ம உரிமை. ஆனா இலவசமா கரண்ட் கேக்கற நாம, இலவசமா சாவையுமா கேக்கறோம்? மொதல்ல கம்பத்தை மாத்தச் சொல்லுங்க. தகடு வேணுமா வேணாமான்னு அப்புறம் உக்காந்து பேசலாம்." கூட்டத்தில் எதிர்க்கருத்து சொன்ன மாரப்பன் அண்ணன்கூட, "இந்தப் பொண்ணு சொல்றதுல ஞாயம் இருக்குதுப்பா" என்றுதான் எழுந்துபோனார்.

நியாயத்தோடு மோத முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு வீடியோ வந்தது. உங்கள் எல்லோர் போனுக்கும் வந்தது. சோகமான புல்லாங்குழல். வாடிய வயலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு விவசாயி, அவர் எந்த மாநிலத்துக்காரரோ தெரியாது. அடுத்தது நம் ஊர்க் கம்பம், அதில் சிவப்பு வளையம். அந்த வளையத்துக்குள் கோகிலவாணியின் சிரித்த முகம். பின்னால் ஒரு குரல்: "இன்னிக்கு வளையம்! நாளைக்கு மீட்டர்! நாளன்னிக்கு ஜப்தி!" அடுத்த நாள் இதே குரலை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகக் கொண்டுவந்தார்கள். யார் செய்தது? வீடியோவின் கீழே பெயர் இல்லை. ஆட்டோக்காரரைக் கேட்டால், "வாடகைக்குக் கூப்டாங்க, வந்தங்க" என்றார். எனக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை என்பதையும் இந்தச் சபை அறிய வேண்டும். மாரண்டஹள்ளியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரஞ்சித்குமார் இதோ மைக் பக்கத்தில் நிற்கிறார். எதிர்த்தரப்பில் ஒருவர் சூரிய மின்நிலையத்துக்கு நிலம் குத்தகைக்கு விட்டிருக்கிறார் அல்லவா? அதை வைத்து ரஞ்சித் ஒரு வீடியோ செய்தார். தகடு போட்டால் வானம் சூடாகும், மழை வராது, கிணறு வற்றும் என்று. அருமையாகச் செய்திருந்தார்! நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இதைப் போட்டால் ஒரே நாளில் ஊர் நம் பக்கம் சாய்ந்துவிடும் என்றோம். கோகிலவாணி மட்டும் கைதட்டவில்லை.

"அழிச்சிடுப்பா" என்றார்.

"அக்கா, அவங்க மட்டும் பொய் சொல்லலாமா?"

"மழை வராதுன்னு சொன்னா நம்ம சனம் சும்மா இருக்குமா? போயி தகட்டை ஒடைக்கும். ஒடைக்கறவன் கையில கரண்ட் அடிக்கும். ஓட்டும் நமக்கு வுழும், பாவமும் நமக்குத்தான் வுழும். அழிச்சிடு."

அவர் எதிரிலேயே அழித்தார் ரஞ்சித். பயம் என்ன செய்யும் என்பது அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த ஊர் அரண்டது. நான் உங்களைக் குறைசொல்ல வரவில்லை. கடன் வாங்கி நட்ட தக்காளி, விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாத வயல். அதில் ஒருவன் வந்து நிலம் ஜப்திக்குப் போகும் என்று கத்தினால் யாருக்குத்தான் பயம் வராது? எனக்கு நிலம் இருந்திருந்தால் நானும் அரிவாளோடு கிளம்பியிருப்பேன். நீங்கள் கிளம்பினீர்கள். சிவப்பு வளையத்தை அரிவாளால் சுரண்டினீர்கள். சுரண்டிய கம்பம் மட்டும் தனியாகத் தெரிந்தால் மீட்டர்காரன் கண்டுபிடித்துவிடுவான் என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னார். உடனே என்ன செய்தீர்கள்? நல்ல கம்பம், கெட்ட கம்பம், வளையம் இருந்தது, இல்லாதது, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தீர்கள். மாரியம்மன் பண்டிகைக்குக்கூட இந்த ஊர் இவ்வளவு ஒற்றுமையாக வெள்ளையடித்ததில்லை!

கம்பத்தை மாற்ற லாரியில் ஆட்கள் வந்தார்கள். மீட்டர் மாட்ட வந்துவிட்டார்கள் என்று பாதையில் முள்ளை வெட்டிப் போட்டீர்கள். கோகிலவாணி முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினார். "ஏங்க, லாரியில பாருங்க, கம்பம்தாங்க இருக்குது, மீட்டர் எங்கங்க இருக்குது?" யார் கேட்டார்கள்? சொந்த ஊரில், சொந்தச் சனம், அவரை முகத்துக்கு நேராகவே "மீட்டர்காரி" என்றது. லாரி திரும்பிப் போய்விட்டது.

அன்று என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. என் மனைவி பரிதா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்னாங்கன்னு மனசு கஷ்டமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"திட்டுனா திட்டட்டும் அக்கா. நம்ம ஊரை நடந்து பாத்தன். கம்பமெல்லாம் வெள்ளை வெளேர்னு வரிசையா நிக்குது. எது நிக்கும், எது வுழும்னு ஒண்ணும் தெரியல. அதான் அக்கா எனக்கு பயமா இருக்குது."

எதற்கும் பயந்து நான் பார்த்திராத பெண் அவர். அன்று அவர் சொன்னதைப் பரிதா இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் மதியம் காற்று வீசியது. பெரிய புயல் ஒன்றும் இல்லை, நம் ஊரில் வழக்கமாக அடிக்கிற காற்றுதான். நம் ஊர்க் கலைவாணன் தோட்டத்து ஓரம் நின்ற வெள்ளைக் கம்பம் அடியோடு முறிந்தது. லைன் அறுந்து ரோட்டின் குறுக்கே விழுந்தது. பக்கத்து வயலில் இருந்த கோகிலவாணி பார்த்துவிட்டார். பறிப்பு வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. கையை வீசிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். "நிறுத்து, நிறுத்து! யாரும் எறங்காதீங்க! வண்டியப் பின்னால எடு!" என்று கத்தினார். அந்த ஆட்டோவில் இருந்த மணிமேகலை இதோ நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு வந்த பெண்கள் எல்லோரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அறுந்த லைனிலிருந்து கோகிலவாணி தள்ளித்தான் நின்றார். அவருக்குத் தெரியாததா? எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று ஊருக்கே சொன்னவர் அல்லவா? லைனை நிறுத்தச் சொல்லி மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டார். ஆனால் அந்த லைனின் ஒரு முனை விழுந்தது தோட்டத்து வேலிமேல். வேலியும் இரும்புக் கம்பி. வேலி முழுக்கக் கரண்ட் ஓடியது யார் கண்ணுக்குத் தெரியும்? ஒரு கையில் போன். மூச்சு வாங்கியிருக்கும் போலிருக்கிறது, இன்னொரு கையை வேலிக்கம்பியில் ஊன்றினார்.

அவ்வளவுதான். அத்தனை பெண்களின் கண்ணெதிரில் முடிந்துவிட்டது. கிட்டே ஓடப்போனவர்களை மணிமேகலை சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். இல்லாவிட்டால் இன்று நாம் எத்தனை பேருக்காகக் கூடியிருப்போமோ!

அவரைக் கொன்றது யார்? காற்றா? கம்பமா? மின்சாரமா? ஒரு பொய், ஐயா, ஒரு பொய்! அதைச் சொன்னவன் இங்கே வந்து எந்த வேலையும் செய்யவில்லை, அவன் கையில் அரிவாளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பாட்டுச் சேர்த்து அனுப்பினான். மற்ற வேலையை நம் பயமே செய்து முடித்துவிட்டது.

பொய் அதோடு ஓய்ந்ததா என்றால் அதுவும் இல்லை. நேற்று என் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே வளையம், உள்ளே அதே முகம், இப்போது மாலை போட்டு. "மீட்டர்காரிக்கு மின்சாரமே தீர்ப்பு" என்று எழுதியிருக்கிறது. அனுப்பியவர் வேறு யாரும் இல்லை, பல வருஷமாக என் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர். கீழே அழுகிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார்! கோபத்தில் என் கை போனை வீசப்போனது. வீசி என்ன பயன்? இன்று காலை அதே வளையத்துக்குள் என் படம் வந்திருக்கிறது. "அடுத்த மீட்டர்காரன்" என்று போட்டிருக்கிறார்கள். பரிதா கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "போகாதீங்க" என்றாள். பயத்தோடுதான் வந்தேன். பயம் இல்லை என்று இந்த மைக்கில் வீரம் பேசினால், மண்ணுக்குள் இருக்கும் அந்த அம்மா சிரிப்பார்.

ஆனால் என் படத்தைப் பற்றிய பயம் சின்னப் பயம். பெரிய பயம் வேறு. இப்போதே கேளுங்கள், பந்தல் துணி படபடக்கிறது. பாலக்கோடு பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் நீங்கள் எந்த வழியாக வீட்டுக்குப் போவீர்கள்? அந்த வழியில் எத்தனை கம்பம் நிற்கிறது? அதில் எது அரித்தது?

ஆபீசில் கேட்டேன். வளையம் போட்ட ஒப்பந்த ஆட்கள் வேலை முடிந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்களாம். எத்தனை கம்பம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எது என்பது கம்பத்தின்மேல்தான் இருந்தது. அதை நாம் சுரண்டிவிட்டோம். மறுபடி ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்க ஆட்கள் வர வேண்டும், வருவதற்கு நாளாகும். காற்று அதுவரை பொறுத்திருக்குமா?

ஆனால் ஒருவருக்குத் தெரியும். யாருக்கு? சுரண்டியவருக்குத் தெரியும்! தன் அரிவாள் எந்தக் கம்பத்தில் பட்டது என்பது அவரவருக்குத் தெரியும். கோகிலவாணி செத்து இத்தனை நாளாகியும் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? அதுவும் எனக்குப் புரிகிறது. சொன்னால், "அந்தக் கம்பத்தையும் நீதானே சுரண்டினாய், அவளைக் கொன்றது நீதானே" என்று ஊர் கேட்குமோ என்ற பயம். போலீஸ் வருமோ என்ற பயம். ஒரு பயத்தில் சுரண்டினோம், இன்னொரு பயத்தில் மறைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் அந்தக் கம்பத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

தலைவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று கை உயர்த்தி உறுதி எடுப்பது இந்த மாதிரிக் கூட்டத்தில் வழக்கம். இன்று யாரும் கை உயர்த்த வேண்டாம். கையை நீட்டுங்கள் போதும். அதோ அந்தக் கம்பம் என்று காட்டுங்கள். பேர் கேட்க மாட்டேன். ஏன் செய்தாய் என்று இந்தச் சங்கம் எந்தக் காலத்திலும் கேட்காது. தம்பி குரு இங்கேயே நிற்கிறார், அவரும் தலையசைக்கிறார், பாருங்கள். லைன்மேன் மாதேஸ்வரன் பாதை முனையில் காத்திருக்கிறார். ஊருக்குள் வரப் பயந்து அங்கேயே நிற்கிறார். அவரை நானே கையைப் பிடித்து அழைத்துவருகிறேன். முள் போடுகிறவர்கள் என்மேல் போடட்டும். கம்பத்தைக் காட்டுவதைவிட அந்த அம்மாவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறு என்ன இருக்கிறது?

யார் முதலில்? மாரப்பன் அண்ணே, நீங்கள் ஏதாவது... இல்லையா. சரி. பின்னால் நிற்கிறவர்கள்? யாராவது ஒருவர். ஒரே ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

ஆத்தா, நீங்கள் உட்காருங்கள். முனியம்மாள் ஆத்தா, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? யாராவது ஆத்தாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? சற்று இருங்கள். ஆத்தா பேசுவது கூட்டத்துக்குக் கேட்கவில்லை. நான் அப்படியே சொல்கிறேன்.

"ஊரெல்லாம் எம்பொண்ண மீட்டர்காரின்னு பேசிச்சி. வூட்டு வாசல்லியே அந்த வளையம் இருந்தா இன்னும் பேசுவாங்களேன்னு, அவ தோட்டத்துக்குப் போயிருந்தப்ப நான்தான் சாமி சொரண்டினன். அவகிட்டகூட சொல்லல."

ஆத்தா... அழாதீர்கள் ஆத்தா. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பெற்ற வயிறு வேறு என்ன செய்யும்? ஐயோ, கடவுளே! பெற்ற தாயையே அரிவாள் எடுக்க வைத்துவிட்டானே, பாவி!

எந்தக் கம்பம் ஆத்தா? விரலை நீட்டுங்கள். எது?

இதுவா? இந்தக் கம்பமா?

ரஞ்சித், அங்கிருந்து நகரு. கம்பத்தைத் தொடாதே. பந்தல் கயிற்றில் யாரும் கை வைக்காதீங்க. இந்தக் கம்பத்துலதாங்க பந்தலையே இழுத்துக் கட்டியிருக்குது. ஒருத்தரும் ஓடாதீங்க, ஓடுனா கயிறு கால்ல மாட்டிக் கம்பத்தையே இழுக்கும். மாதவராஜ் ஐயா, ஆபீசுக்குப் போன் போடுங்க, லைனை நிறுத்தச் சொல்லுங்க. மணிமேகலை, நீ முன்னால போம்மா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கத்து வயலுக்குள்ள எறங்கு. தக்காளி மிதிபட்டாப் பரவால்ல. குரு, ஆத்தாவைத் தூக்கிக்க. பின்வரிசை, நீங்க அடுத்தது. மெதுவா. அப்படியே மெதுவா.

எனக்குப் பயமாத்தாங்க இருக்குது. ஆனா நீங்க எல்லாரும் வெளிய போற வரைக்கும் நான் இந்த மைக்கை விட்டு நகர மாட்டன். போங்க.